லியோ ஃபெண்டரும் பேஸ்மன் பெட்டியும்

கிற்றார் வாசிக்கத் தெரியாத ஒருவர் கிற்றாரின் ஓசையையே மாற்றி அமைத்துவிட்டுப் போனார். கேட்பதற்கு வியப்பாயிருப்பினும் உண்மை அதுவே. அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திற் பிறந்த லியோ ஃபெண்டர் என்பாரே அவர். அவர் உருவாக்கிய மின்சாரக் கிற்றார்களின் அழகைப் பேசுவோர் பலர். அந்தக் கிற்றார்களுக்குக் குரல் கொடுத்த வால்வுப் பெட்டிகளைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. நான் அந்தச் சிலருள் ஒருவன். அதற்குக் காரணம் ஒரு கடனுணர்ச்சி. அதனை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், படிப்பு முடிந்து ஆசிரிய நியமனத்துக்காகக் காத்திருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் றேடியோ திருத்தும் கடையொன்றில் உதவியாளனாக இருந்தேன். திருவிழாக் காலங்களிற் பாட்டுப் போடும் அம்பிளிபயர்கள் அங்கே வரிசையாக வந்து நிற்கும். ஒரு நாள், பொப் இசைக்குழு ஒன்றிலே பேஸ் கிற்றார் வாசிக்கும் இளைஞன் ஒருவன் சைக்கிளின் பின்னே கட்டி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். பத்து அங்குல ஒலிபெருக்கி ஒன்றின் கடதாசிக் கூம்பு விளிம்போடு கிழிந்திருந்தது. முதலாளி புதிய கூம்பு போட்டார். ஒரு மாதத்துள் அதுவும் கிழிந்தது. வால்வை மாற்றினோம், மறுபடியும் கூம்பை மாற்றினோம். மூன்றாம் முறை அவன் வந்தபோது, தம்பி சாமானை முரட்டுத்தனமாகப் பாவிக்கிறார் என்று முதலாளி கடிந்துகொண்டார். நானும் அதற்குத் தலையசைத்தேன். அவன் ஒன்றும் பேசாமற் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். பின்பு கிற்றாரை விற்றுவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

அவன்மேற் பிழை இருக்கவில்லை. அது கிற்றாருக்கென்று செய்த பெட்டி. அதனிற் பேஸ் வாசித்தால் அது கிழியத்தான் செய்யும். இதனை நான் விளங்கிக்கொண்டது பல ஆண்டுகள் கழித்து, லியோ ஃபெண்டரின் வாழ்க்கையைப் படித்தபோதுதான். அவரும் ஒருமுறை இதே இடத்தில் இடறியவர். ஆனால் அவர் இடறிய இடத்திற் புதையல் இருந்தது.

கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் திகதி, அனஹைம், ஃபுல்லர்ற்றன் என்னும் இரு ஊர்களுக்கிடையே இருந்த ஒரு தோடந்தோட்டத்திற் பிறந்தார். பெற்றோர் தோட்டக்காரர். பிறந்த இடம் வீடுகூட அன்று. தோட்டத்துக் களஞ்சியக் கொட்டில். எட்டு வயதிற் கட்டியொன்றினால் இடக்கண்ணை இழந்தார். அன்றுமுதல் அவருக்குக் கண்ணாடிக் கண்ணே துணை. இரண்டாம் உலகப் போரிற் படைக்கு அவர் அழைக்கப்படாமைக்கும் அக்கண்ணே காரணமாயிற்று.

சிறு பராயத்திற் பியானோவும் சக்ஸபோனும் சிறிது பயின்றார். இரண்டிலும் மனம் ஊன்றவில்லை. மனம் ஊன்றியது வேறொன்றில். மோட்டார் வண்டிகளின் மின்சார வேலைகள் பார்க்கும் மாமனார் ஒருவர் இவருக்கு உண்டு. இவருடைய பதின்மூன்றாம் வயதில் அவர் ஒரு பெட்டி நிறையக் கழித்த வானொலி உறுப்புகளும் ஒரு பற்றறியும் அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டு சாந்தா மரியா என்னும் ஊரிலுள்ள மாமனாரின் கடைக்குப் போனபோது, அவர் தம் கையாற் செய்து கடைவாசலில் வைத்திருந்த வானொலி உரத்த குரலிற் பாடிக்கொண்டிருந்தது. அந்த ஓசை அவரை விட்டு அகலவேயில்லை. இசையைக் காட்டிலும் இசையை உரத்து ஒலிக்கச் செய்யும் வித்தையே அவரை ஆட்கொண்டது எனலாம்.

ஆனாற் கல்லூரியில் அவர் படித்தது கணக்கியல். மின்னியலில் ஒரு பாடந்தானும் முறையாகக் கற்றவரல்லர். முதலிற் பனிக்கட்டிக் கம்பனி ஒன்றில் விநியோக வேலை, பின் அங்கேயே கணக்கெழுதும் வேலை, அதன்பின் மாநில நெடுஞ்சாலைத் திணைக்களத்திற் கணக்காளர். இடையிலே, நடனக் கூட்டங்களுக்கு வாசிக்கும் குழுவொன்றின் தலைவர் கேட்க, அவருக்கு ஆறு ஒலிபெருக்கித் தொகுதிகள் செய்து கொடுத்தார். 1934இல் எஸ்தரை மணந்தார். பொருளாதார மந்தம் அவருடைய வேலையைப் பறித்தது. 1938இல், அறுநூறு டொலர் கடன் வாங்கி, ஃபுல்லர்ற்றனிலே ஃபெண்டர் றேடியோ சேர்விஸ் என்னும் கடையைத் திறந்தார்.

இந்தக் கடையை நான் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். அவருடைய பிற்காலச் சிறப்பெல்லாம் இங்கேதான் வேர்கொண்டது. திருத்துவதற்கு வரும் பொருள்களைப் போல ஒருவனுக்கு ஆசிரியர் வேறில்லை. எந்த உறுப்பு எத்தனை மாதத்திற் கெடும், எந்தப் பற்றாசு சூட்டில் விட்டுப்போகும், எந்த இடத்திற் கைபோகாமற் திருத்துவோன் சலித்துக்கொள்வான் என்பதெல்லாம் கடை மேசையிற் கற்கும் பாடங்கள். பின்னாளில் லியோ தாமே அம்பிளிபயர் செய்யத் தொடங்கியபோது, உறுப்புகளை ஒரு தட்டையான பலகையில் ஒழுங்காக நிரைப்படுத்தினார். பின்பலகையைச் சில திருகாணிகளைக் கழற்றித் திறக்கும்படி வைத்தார். எந்த வால்வு எந்தக் குழியில் இருத்தல் வேண்டும் என்ற அட்டவணையை அச்சிட்டுப் பெட்டியின் உள்ளே ஒட்டினார். எங்கள் கடையில் அத்தகைய அட்டவணை ஒட்டிய பெட்டி ஒன்று வந்திருந்தால் எத்தனை நாள் மிச்சப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பெருமூச்செறிந்ததுண்டு.

போர் முடிந்த 1945இல், டொக் கவுஃப்மன் என்னும் நண்பரோடு சேர்ந்து, மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய்க் கிற்றார்களையும் அவற்றுக்கான சிறு அம்பிளிபயர்களையும் செய்து விற்றார். கவுஃப்மன் துணிந்து முதலிட அஞ்சி 1946இல் விலகிக்கொண்டார். லியோ தனித்து நின்று ஃபெண்டர் மின்சார இசைக்கருவிக் கம்பனியைத் தொடங்கினார். 1950, 1951ஆம் ஆண்டுகளில், உள்ளீடற்ற பெட்டிக்குப் பதிலாகத் திண்ணிய மரப்பலகையாலான கிற்றார் வெளிவந்தது. பெயர் மாற்றங்களின் பின் அது ரெலிகாஸ்ரர் என்று நிலைத்தது. 1954இல் ஸ்ரற்றோகாஸ்ரர் வந்தது. இவ்விரண்டின் வரலாறும் பலரும் எழுதியது. நான் கூட்டிச்சொல்ல ஒன்றுமில்லை.

இடையில் வந்த 1951ஆம் ஆண்டின் கருவியே நமக்கு வேண்டியது. அந்நாளைய இசைக்குழுக்களில் அடித்தள நாதத்தைத் தருவது ஆளுயரத்துக்கு மேற்பட்ட பெரிய டபிள் பேஸ். அதனைக் காரின் கூரையிற் கட்டிக்கொண்டு ஊரூராகத் திரிய வேண்டும். மேடையிலோ மேளமும் ஊதுகுழல்களும் முழங்கும்போது அதன் குரல் எவர் காதிலும் விழாது. அதன் கழுத்திற் கட்டைகள் இல்லாமையால் விரல் சற்றுப் பிசகினாற் சுருதியும் பிசகும். லியோ அந்தப் பூதத்தைக் கிற்றாரின் உருவத்துக்குச் சுருக்கினார். கழுத்திலே உலோகக் கட்டைகள் பதித்தார். சுருதி துல்லியமாக நிற்கும் என்பதனாற் பிரிசிஷன் பேஸ் என்று அதற்குப் பெயராயிற்று.

கருவி பிறந்தது. அதற்குக் குரல் வேண்டுமே. அக்குரலைக் கொடுக்க 1952இல் அவர் செய்த வால்வு அம்பிளிபயரே பேஸ்மன்.

பாடநூல்கள் விரியலாக்கி என்று குறிப்பதையே நான் இங்கே, கடைத்தெரு வழக்கை ஒட்டி, அம்பிளிபயர் என்கிறேன். கிற்றார் அம்பிளிபயருக்கும் பேஸ் அம்பிளிபயருக்கும் உள்ள வேறுபாடு யாது? இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒரே பெட்டி. உள்ளேயும் அவையே வால்வுகள், அவையே நிலைமாற்றிகள். வேறுபாடு சுருதியிலிருந்து தொடங்குகிறது. கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு ஏறக்குறைய 82 முறை அதிரும். பேஸின் மிகத் தாழ்ந்த தந்தியோ 41 முறையே அதிரும். ஒரு ஸ்தாயி கீழே. அவ்வளவுதானே என்று தோன்றும். அந்த ஒரு ஸ்தாயி எத்தனை துன்பங்களைக் கொணர்கிறது பாருங்கள்.

முதலாவது, ஒலிபெருக்கியின் கூம்பு. அதே உரப்பில் ஒலி வேண்டுமாயின், மீடிறன் பாதியாகும்போது கூம்பு முன்னும் பின்னும் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். கிற்றாருக்குச் செய்த மெல்லிய, இறுக்கமான கூம்பு அத்தனை தூரம் போகப் பிறந்ததன்று. இழுத்தால் விளிம்பு கிழியும். என் இளைஞனின் பெட்டிக்கு நேர்ந்தது இதுவே. அவன் வாசிப்பில் முரட்டுத்தனம் இல்லை. அவன் தந்தியின் சுருதியிலே இருந்தது அந்த வலிமை.

அடுத்தது, பெட்டியின் முதுகு. கூம்பு முன்னே தள்ளும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது; பின்பக்கக் காற்று தளர்கிறது. பின்புறம் திறந்திருந்தால், நீண்ட அலைகளையுடைய தாழ்ந்த சுரங்கள் பெட்டியைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உயர்ந்த சுரங்களுக்கு இந்த இழப்பு இல்லை. ஆதலினாற் கிற்றார்ப் பெட்டிகள் பெரும்பாலும் முதுகு திறந்தவை; அந்தத் திறப்பினால் ஓசை அறையெங்கும் பரவி ஒரு காற்றோட்டம் போன்ற இனிமை தரும். பேஸ் பெட்டியோ முதுகு மூடியிருத்தல் வேண்டும், அல்லது கணக்கிட்ட துவாரத்தின் வழியாகப் பின்னலையைத் தாமதித்து முன்னலையோடு சேர்த்து அனுப்புதல் வேண்டும்.

வால்வுகளுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே நிற்கும் வெளியீட்டு நிலைமாற்றியின் கதை இன்னொன்று. அதே வோல்ற்றளவைத் தாழ்ந்த மீடிறனிற் கடத்தும்போது அதன் இரும்பகணி தாங்க வேண்டிய காந்தப் பாயம் மீடிறனுக்கு நேர்மாறாக ஏறும். மீடிறன் பாதியானாற் பாயம் இருமடங்கு. சிறிய இரும்பு நிரம்பிவிடும், சுரம் நசுங்கும். அதனாற் பேஸ் அம்பிளிபயரின் நிலைமாற்றி பெரியது, பாரமானது, விலையும் கூடியது. மேலும், மனிதச் செவி தாழ்ந்த சுரங்களுக்கு மந்தமானது. அவற்றை உயர்சுரங்களுக்கு ஈடாகக் கேட்பிக்க அதிக வலு வேண்டும். ஐம்பதுகளிற் கிற்றார்க்காரனுக்கு 15 வாற்று ஒரு சிறு மண்டபத்துக்குப் போதும். பேஸ்காரனுக்கு அது பேச்சுக்கும் காணாது.

சுற்றினுள்ளே மிக நுட்பமான வேறுபாடு ஒன்று உண்டு. ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்கு ஓசையைக் கடத்தும் கொள்ளளவியை ஒரு படலையாகக் கருதலாம். சிறிய கொள்ளளவி ஒடுங்கிய படலை. உயர்சுரங்கள் நுழைந்துவிடும், தாழ்ந்தவை வெளியே நின்றுவிடும். கிற்றார் அம்பிளிபயர் செய்வோர் வேண்டுமென்றே ஒடுங்கிய படலை வைப்பதுண்டு, குழப்பமான கீழோசையைத் தவிர்த்துத் தெளிவைப் பெறுவதற்காக. பேஸுக்கு அகன்ற படலை வேண்டும். சில சதப் பெறுமதியான உறுப்புத்தான். ஆனால் ஒரு பெட்டி கிற்றாருடையதா பேஸினுடையதா என்பதைப் பல வேளைகளில் அது தீர்மானித்துவிடுகிறது.

மின்வழங்கியும் வேறுபடும். பழைய பெட்டிகளில் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்குவதும் ஒரு வால்வே. தந்தியைப் பலமாகத் தட்டும்போது அந்த வால்வு சற்றே இளைத்து வோல்ற்றளவு தாழ்ந்து பின் மீளும். அதனால் ஓசை அமிழ்ந்து மலர்வதுபோல் இருக்கும். கிற்றார்க்காரர் இதனை உயிருள்ள தன்மை என்று கொண்டாடுவர். பேஸ்காரருக்கோ இது காலடியில் நிலம் நெகிழ்வதைப்போல. தட்டிய கணத்திலேயே உறுதியாக நிற்கும் ஓசை வேண்டும் அவர்களுக்கு.

இவற்றையெல்லாம் லியோ 1952இல் அறிந்திருந்தாரா? சிலவற்றை அறிந்திருந்தார். முதற் பேஸ்மன் பெட்டியில் 15 அங்குல ஒலிபெருக்கி ஒன்றே ஒன்று. முதுகு பெரும்பாலும் மூடியது. இரண்டு வட்டத் துளைகள் மாத்திரம். வலு ஏறக்குறைய 26 வாற்று. வடிவத்திற் சரியான பேஸ் பெட்டிதான், வலுவிலேதான் வறுமை. ஒலிபெருக்கிகள் ஓலமிட்டன, சில உயிர்விட்டன. ஒரு கூம்பினால் தாங்க முடியாததை நான்கு கூம்புகள் பகிர்ந்து தாங்கட்டும் என்று எண்ணி, 1954 இறுதியில் அவர் பெட்டியை மாற்றினார். பத்து அங்குல ஒலிபெருக்கிகள் நான்கு. வலுவும் படிப்படியாக ஏறி 40 வாற்றைத் தாண்டியது. ஆனால் முதுகைத் திறந்துவிட்டார்.

இங்கேதான் அவர் இடறினார். நான்கு கூம்புகள் பாரத்தைப் பகிர்ந்தன, உண்மை. ஆனால் அவை இலகுவான கூம்புகள். அவற்றின் இயற்கையான பரிவு மீடிறன் பேஸின் தாழ்ந்த தந்திக்கு வெகு மேலே. திறந்த முதுகோ எஞ்சிய கீழோசையையும் காற்றில் அழித்தது. பேஸ்காரர் கேட்டதெல்லாம் பெரும்பாலும் அடிச்சுரத்தின் மேற்றொனிகளே. காது அவற்றிலிருந்து அடிச்சுரத்தை ஊகித்துக்கொண்டது. பேஸுக்கென்று பெயர் சூட்டிய பெட்டி பேஸிலே குறையுடையதாயிற்று.

அப்பொழுது கிற்றார்க்காரன் ஒருவன் தன் கம்பியை அதிலே செருகியிருப்பான். முதன்முதற் செருகியவன் எவன் என்பது ஏட்டில் இல்லை. எனக்கு அவனைக் காண ஆசை. பேஸுக்காகச் செய்த தடித்த நிலைமாற்றியும் மிகுந்த வலுவும் கிற்றாருக்கு ஓர் அகலத்தைத் தந்தன. நான்கு இலகுவான கூம்புகள் விரலசைவு ஒவ்வொன்றுக்கும் உடனே விடை கூறின. ஓசையை இன்னும் ஏற்றியபோது வால்வுகள் தம் எல்லையை மீறி, அலையின் உச்சிகளை மெதுவாக மழித்தன. மழித்த இடத்திற் புதிய மேற்றொனிகள் பிறந்தன. சுரம் நீண்டு நின்றது. கரகரப்பான மிகையுயர் சுரங்களைக் கடதாசிக் கூம்பே வடித்து நீக்கியது. பேஸிலே பிழையாயிருந்த ஒவ்வொன்றும் கிற்றாரிலே பண்பாயிற்று. சிக்காகோவின் புளூஸ் இசைஞர்கள், கிற்றார் வாசிப்போரும் வாய்க்கருவி ஊதுவோரும், இப்பெட்டியை விரும்பிக் கொண்டனர்.

இதில் ஒரு முரண் உண்டு. லியோவுக்கு இந்த உடைந்த ஓசை பிடிக்காது. அவர் நாட்டுப்புறப் பாணி இசைக்குழுக்களை விரும்பிக் கேட்பவர். மணியோசை போன்ற தெளிவே அவர் நாடியது. ஒவ்வொரு புதிய பெட்டியிலும் வலுவைக் கூட்டியது ஓசை உடையாமலிருக்கவே. இசைஞர்களைத் தம் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வாசிக்கச் சொல்லி, அவர்கள் குறைகூறுவதைக் குறித்துக்கொள்வார். மாலையில் நடன மண்டபங்களுக்குப் போய்த் தம் பெட்டிகள் எப்படி ஒலிக்கின்றன என்று கேட்பார். சில வேளை மேடையேறித் திருகாணி முடுக்கத் தொடங்கிவிடுவார் என்றும் கூறுவர். தமக்கு வாசிக்கத் தெரியாது என்ற அடக்கம் அவரிடம் இருந்தது. வாசிக்கத் தெரிந்திருந்தால் இத்தனை பேரின் சொல்லைக் கேட்டிருப்பாரோ என்று நான் ஐயுறுவதுண்டு.

அதே காலத்தில், நாட்டின் கிழக்குக் கரையில் வேறொருவர் இதே சிக்கலை வேறு கோணத்திலிருந்து அணுகிக்கொண்டிருந்தார். எவரெற் ஹல் என்னும் அவர் தாமே டபிள் பேஸ் வாசிப்பவர். டபிள் பேஸ் நிலத்தில் ஊன்றி நிற்கும் முளைக்குள் ஒலிவாங்கியைப் புகுத்தியதனால் அம்பெக் என்ற பெயர் அவருடைய கம்பனிக்கு வாய்த்தது. ஓசை உடைவதை அவர் வெறுத்தார். றொக் இசையையும் வெறுத்தார். 1960இல் அக்கம்பனியின் ஜெஸ் ஒலிவர் வடிவமைத்த போட்டாஃப்ளெக்ஸ் பெட்டியில் 15 அங்குல ஒலிபெருக்கி ஒன்று, மூடிய பெட்டி, கணக்கிட்ட துவாரம். வலு 25 வாற்றளவுதான். எனினும் பேஸின் அடித்தளம் சிதையாமல் வந்தது. வேலை முடிந்ததும் வால்வுப் பகுதியைத் தலைகீழாகப் புரட்டிப் பெட்டிக்குள்ளே மறைத்துப் பூட்டலாம். ஒலிப்பதிவுக் கூடங்களில் அது நெடுங்காலம் வீற்றிருந்தது. பேஸ் அம்பிளிபயர் எப்படி இருத்தல் வேண்டும் என்பதற்கு அதுவே சரியான விடை. பெரிய மைதானங்களுக்கு அது போதாமற்போகவே, 1969இல் அதே கம்பனி 300 வாற்று வால்வு அம்பிளிபயரையும், எட்டுப் பத்தங்குல ஒலிபெருக்கிகள் கொண்ட மூடிய பெட்டியையும் செய்தது. கவனியுங்கள்: பத்தங்குலக் கூம்புகளையே அவர்களும் எடுத்தனர்; ஆனால் நான்கை எட்டாக்கினர், முதுகை இறுக மூடினர். லியோவின் எண்ணம் பிழையன்று; பாதி வழியில் நின்றுவிட்டது.

லியோவும் வாளாவிருக்கவில்லை. 1961இற் பேஸ்மன் இரண்டு துண்டாயிற்று: வால்வுப் பகுதி தனி, மூடிய ஒலிபெருக்கிப் பெட்டி தனி. அலையாடும் இளைஞர்களின் இசையில் முன்னின்ற டிக் டேல் என்னும் கிற்றார்க்காரர் தடித்த தந்திகளை வெறித்தனமாகத் தட்டிப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக எரித்துத் தள்ளினார். லியோ கோபிக்கவில்லை, எரிந்ததைத் திறந்து பார்த்து இன்னும் பெரிய நிலைமாற்றி சுற்றுவித்தார், 15 அங்குல ஒலிபெருக்கியைத் தேடி எடுத்தார். ஷோமன் என்னும் பெட்டி அவ்வாறு பிறந்தது. கூம்பு கிழித்தவனை எங்கள் கடையில் நாங்கள் நடத்திய விதத்தையும் இதனையும் நான் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

பேஸ்மனின் கதை அதன்பின் கடல் கடந்தது. இலண்டனின் மேற்குப் பகுதியில், ஹன்வெல் என்னுமிடத்தில், ஜிம் மார்ஷல் என்னும் மேளவாத்திய ஆசிரியர் கடை வைத்திருந்தார். அங்கே வரும் கிற்றார் இளைஞர்கள் அமெரிக்கப் பெட்டிகளை விரும்பினர். விலையோ எட்டாக் கனி. 1962இல் மார்ஷலும் கென் பிறான், டட்லி கிரேவன் ஆகியோரும் பேஸ்மனின் சுற்றைப் படியெடுத்துத் தம் நாட்டில் கிடைத்த உறுப்புகளால் ஒரு பெட்டி செய்தனர். முதல் வால்வு மட்டும் வேறு, அதிக விரியல் தருவது. ஆதலின் ஓசை விரைவில் உடையும். ஒலிபெருக்கிகளோ பன்னிரண்டு அங்குலத்தன நான்கு, முதுகு மூடிய பெட்டியில். லியோ திறந்துவிட்ட முதுகை அவர்கள் மூடினர், ஆனாற் கிற்றாருக்காக. றொக் கிற்றாரின் இடிமுழக்கம் அந்தப் பெட்டியிலிருந்தே புறப்பட்டது. மார்ஷல் கம்பனி பின்னர் கிற்றாருக்கொன்று, பேஸுக்கொன்று என இருவகையாக விற்றது. இரண்டையும் திறந்து பார்த்தால் ஒரு சில கொள்ளளவிகளும் தடைகளுமே வேறு. முன்சொன்ன படலைகள்தாம்!

இத்தனை நடந்துகொண்டிருக்க, லியோவின் உடல் நலிந்தது. ஐம்பதுகளிலிருந்தே நெற்றியெலும்புக் குழிகளில் தொற்றுநோய். எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. தமக்கு நாள் நெருங்கிவிட்டது என்றே நம்பினார். 1965 ஜனவரியிற் கம்பனியை சீ.பி.எஸ். நிறுவனத்துக்குப் பதின்மூன்று மில்லியன் டொலருக்கு விற்றார். விற்றபின் வேறொரு வைத்தியரை நாட, நோய் குணமாயிற்று. ஊழ் என்பதா? கணக்காளராயிருந்தவர் தம் ஆயுட்கணக்கில் இப்படித் தவறினார்.

புதிய உரிமையாளர் 1966இல் வால்வுகளை விட்டு ரான்சிஸ்டர் அம்பிளிபயர்களைக் கொணர்ந்தனர். அவை சிறக்கவில்லை; சில ஆண்டுகளிற் கைவிடப்பட்டன. லியோவின் நெடுநாள் உதவியாளர் ஃபொறெஸ்ற் வைற் அவற்றை ஏற்க மனமின்றி அவ்வாண்டே விலகினார். உடன்படிக்கையினாற் பல ஆண்டு கைகட்டி இருந்த லியோ, எழுபதுகளில் மியூசிக் மான் கம்பனியிலும், பின் நண்பர் ஜோர்ஜ் ஃபுல்லர்ற்றனோடு சேர்ந்து நடத்திய ஜீ அண்ட் எல் கம்பனியிலும் மீண்டும் மேசைக்கு வந்தார். 1979இல் எஸ்தர் காலமானார். அடுத்த ஆண்டு ஃபிலிஸ் என்பாரை மணந்தார். பார்க்கின்சன் நோய் கையை நடுங்கச் செய்தபோதும் வேலைக்குப் போவதை அவர் நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21ஆம் திகதி இறந்தார். அதற்கு முந்திய நாளும் தொழிற்சாலைக்குச் சென்றிருந்தார்.

அவர் இறப்பதற்கு ஓராண்டு முன்னர், 1990இல், அவருடைய பழைய கம்பனி 1959ஆம் ஆண்டுப் பேஸ்மனை மறுபடி செய்து விற்கத் தொடங்கியது. அதே நான்கு பத்தங்குல ஒலிபெருக்கிகள், அதே திறந்த முதுகு, முகப்பில் அதே பேஸ்மன் என்ற பெயர். வாங்கியோர் கிற்றார்க்காரர். அதன் படத்தை ஒரு சஞ்சிகையிற் கண்ட அன்று, சைக்கிளின் பின்னே பெட்டி கட்டி வந்த அந்தத் தம்பியின் முகவரியைத் தேடி விசாரித்தேன். அவன் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்ப் பல வருடமாயிற்று என்றார்கள்.